ஆலய வாசலில் படுத்திருப்பவருக்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் எங்கள் ஆலய வாசலருகே ஓர் இளைஞர் சில மாதங்களாக இரவில் படுத்துறங்குகிறார். ஞாயிறுதோறும் அவருக்கு 20 ராண்ட் கொடுத்துவந்தேன். “அந்தக் காசு சுகர்ஸ் வாங்கத்தான் போகிறது, நீதான் அவனைக் கெடுக்கிறாய்” என்கிறார் என் கணவர். வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று வேதமே சொல்கிறது என்கிறார்கள் மூப்பர்கள். கொடுப்பதை நிறுத்தினால் அது பாவமா? – ஒரு வாசகி, டர்பன்.

பதில்: அன்புச் சகோதரி, காசு கொடுப்பதை நிறுத்துவது பாவமாகாது. சுகர்ஸ் ஹெராயின் கலந்த போதைப்பொருள். அதற்கு அடிமையானவருக்குச் சில மணி நேரம் அது கிடைக்காமற் போனாலே உடல்வலியும் வாந்தியும் நடுக்கமும் தொடங்கிவிடுவதால், கையில் சேரும் காசு முதலில் அங்கேதான் போகும். ஆனால் அந்த இளைஞர் அதற்கு அடிமைதானா என்பது உங்களில் யாருக்காவது உறுதியாகத் தெரியுமா? எத்தனை ராண்ட் கொடுத்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்; அவருடைய பெயரைக் கேட்டதாகவோ, அவரோடு பேசியதாகவோ கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. என் மனம் அங்கேதான் நின்றுவிட்டது.

மூப்பர்கள் சொன்ன வசனம் தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தில் இருக்கிறது (3:10). பவுல் கண்டித்தது வேலை செய்ய ‘மனதில்லாத’ சபையாரை. வேலை கிடைக்காதவரையும் நோயாளியையும் அந்த வசனத்தால் அடிப்பது முறையன்று. மூன்று வசனம் தள்ளி அதே பவுல், “நன்மைசெய்வதிலே சோர்ந்துபோகாமலிருங்கள்” என்று எழுதியதையும் மூப்பர்கள் சேர்த்து வாசிக்க வேண்டும்.

அதற்காக அந்த இளைஞருக்குப் பொறுப்பே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. கலாத்தியர் ஆறாம் அதிகாரத்தில், “ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து” என்று சொன்ன பவுல் சற்றுத் தள்ளி, “அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே” என்கிறார். தமிழில் இரண்டும் பாரம்தான். மூல கிரேக்கத்தில் சொற்கள் வேறு. முதலாவது ஒருவரை அமிழ்த்தும் பளு, இரண்டாவது அவரவர் தூக்க வேண்டிய சுமை. அவர் அடிமையாக இருந்தால், போதையை விட முடிவெடுப்பதும் சிகிச்சைக்கு நாள் தவறாமல் போவதும் அவருடைய சுமை. அதை உங்களால் தூக்க முடியாது. தொலைந்துபோன அடையாள அட்டை, அலுவலகத்தில் ஏறெடுத்துப் பார்க்காத முகங்கள், ‘நீ யார்’ என்று கேட்க ஓர் ஆள் இல்லாமை போன்றவைதான் இப்படிப்பட்டவரை அமிழ்த்தும் பளு.

நல்ல சமாரியனின் கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கவனித்துக்கொள்ள அவன் சத்திரக்காரனுக்குக் கொடுத்தது இரண்டு பணம், அதாவது அக்காலத்தில் இரண்டு நாள் கூலி. அதைவிட அவன் சொன்ன சொல்லையே நான் பெரிதாக எண்ணுகிறேன்: திரும்பி வரும்போது மீதியைத் தருகிறேன் என்றான். திரும்பி வரும் எண்ணம் அவனுக்கு இருந்தது. நாம் ஞாயிறன்று காசைக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிவிடுகிறோம்.

ஆகவே முதலில் பெயரைக் கேளுங்கள், உங்கள் பெயரையும் சொல்லுங்கள். பர்திமேயு குருடன் என்பது கண்ணால் பார்த்தாலே தெரியும். ஆனாலும் இயேசு, நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று அவனிடமே கேட்டார். நீங்களும் கேளுங்கள். காசுக்குப் பதில் சோறும் பருப்பும் ஒரு டப்பாவில் கொண்டுபோங்கள். நகரத்தில் இம்மானுவேல் பேராலயத்தை ஒட்டியிருக்கும் டெனிஸ் ஹர்லி மையத்தில் வீடற்றோருக்கு உணவும் மருத்துவமும் கிடைக்கின்றன. ஹெராயின் பழக்கத்தை விட உதவும் மாற்று மருந்தான மெத்தடோன் சிகிச்சையைப் பற்றியும் அங்கே விசாரியுங்கள். எங்கே போனாலும் கணவரையோ சபையாரில் ஒருவரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். முன்பின் தெரியாதவரை வீட்டில் தங்கவைக்க வேண்டியதில்லை. உங்கள் பிள்ளைகளின் பாதுகாப்பும் உங்கள் பொறுப்பே.

மூப்பர்களிடமும் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். ‘துரத்துண்ட சிறுமையானவர்களை வீட்டிலே சேர்த்துக்கொள்’ளச் சொல்கிறது ஏசாயா 58. மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியமர்த்திய 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து துரத்துண்டு சாட்ஸ்வொர்த்துக்கு வந்த குடும்பங்கள் எத்தனையோ உங்கள் சபையிலேயே இருக்கும். அந்தச் சொல் அவர்களுக்கு அந்நியமானதா?

அடையாள அட்டை இல்லாமல் அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது கடினம். தொலைந்த அட்டைக்கு மாற்று வாங்க 140 ராண்ட் கட்டணம். நீங்கள் ஏழு ஞாயிறுகளில் கொடுத்த தொகை அது. அவரிடம் அட்டை இல்லையென்றால், அதை வாங்க அவரோடு உள்துறை அலுவலகத்துக்கு விடியற்காலையிலேயே போய்விடுங்கள், வரிசை நீளமாக இருக்கும். அவர் குளித்து மாற்றிக்கொள்ளக் கணவரின் சட்டை ஒன்றை முந்தைய நாளே எடுத்துவையுங்கள்.