கேள்வி நேரம்: கரன்ட் வந்தும் கன்ட்ரோலரில் தெரியாத ஆக்சஸ் பாயின்ட்

கேள்வி: எங்கள் தங்கும் விடுதியில் 20 அறைகள், மாடிக்கு ஒன்றாக நான்கு யூனிஃபை பிராண்ட் ஆக்சஸ் பாயின்ட்கள் (வைஃபை தரும் கருவிகள்). கரன்ட் போய் வந்தால் அவற்றில் இரண்டு கன்ட்ரோலரில் (அவற்றை நிர்வகிக்கும் மென்பொருளில்) தெரிவதில்லை. இரண்டுமே 192.168.1.20 என்ற ஐபி முகவரியைக் காட்டுகின்றன. ரவுட்டரில் டிஎச்சிபி (கருவிகளுக்கு முகவரி வழங்கும் வசதி) கடைசி எண் 100 முதல் 149 வரை, லீஸ் (ஒரு முகவரி ஒரு கருவிக்கு ஒதுக்கப்படும் காலம்) 24 மணி நேரம். என்ன கோளாறு?

பதில்: 192.168.1.20 உங்கள் ரவுட்டர் கொடுத்ததல்ல. கேட்டும் முகவரி கிடைக்காவிட்டால் யூனிஃபை கருவி தானாக எடுத்துக்கொள்வது அது.

ஆக்சஸ் பாயின்ட் எழுந்ததும் தனக்கு முகவரி இல்லாததால் 0.0.0.0 என்ற பெயரிலேயே, ‘யாராவது முகவரி தருவீர்களா’ என்று நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும். ரவுட்டர் ஒன்றை நீட்டும்; ‘அதையே எடுத்துக்கொள்கிறேன்’ என்று இது சொல்லும்; ரவுட்டர் உறுதி செய்யும். இந்த நான்கு படிகளில் ரவுட்டருக்கு ஆக்சஸ் பாயின்டும் விருந்தாளியின் செல்போனும் ஒன்றுதான். யாருக்கும் முன்னுரிமை இல்லை.

உங்களிடம் இருப்பது 50 முகவரிகள். அறைக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஒரு போன், சிலரிடம் லேப்டாப் என்றாலே தீர்ந்துவிடும். காலையில் அறையைக் காலி செய்தவரின் முகவரியும் லீஸ் முடியும்வரை திரும்பாது. சாதாரண ரவுட்டர்கள் பல, லீஸ் பட்டியலைக் கரன்ட் போனதும் மறந்துவிடும்; எல்லாக் கருவிகளும் புதிதாகக் கேட்க வேண்டிவரும். முதலில் எழும் இரண்டு ஆக்சஸ் பாயின்ட்கள் வழியே போன்கள் பாய்ந்து முகவரிகளை எடுத்துவிட்டால் பின்னால் எழுபவைக்கு மிஞ்சாது. உங்கள் விவரங்களைப் பார்த்தால் இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ரவுட்டரில் டிஎச்சிபி எல்லையை 50 முதல் 250 வரை விரியுங்கள். 201 முகவரிகள் கிடைக்கும். லீஸை 4 மணி நேரமாகக் குறையுங்கள். பாதி நேரத்திலேயே போன்கள் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளும், விருந்தாளிக்கு எதுவும் தெரியாது. பிறகு ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்டின் ஸ்டிக்கரில் உள்ள மேக் எண்ணை (அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்) ரவுட்டரின் ‘ரிசர்வேஷன்’ பகுதியில் ஏற்றி, கடைசி எண் 11 முதல் 14 வரையுள்ள முகவரிகளை ஒதுக்குங்கள். 20-ஐ எதற்கும் தராதீர்கள். முடித்ததும் ஆக்சஸ் பாயின்ட்களை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அதன் பிறகும் தொடர்ந்தால் நெட்வொர்க் சுவிட்சை (கேபிள்களை இணைக்கும் பெட்டி) பாருங்கள். ஸ்பானிங் ட்ரீ (கேபிள்கள் வளையமாகி நெட்வொர்க் முடங்காமல் காக்கும் வசதி) இயங்கும் சுவிட்ச், போர்ட் உயிர்பெற்றதும் 15, 15 என 30 விநாடி எதையும் கடத்தாது. முதல் சில கோரிக்கைகள் அங்கேயே விழும். அந்தப் போர்ட்டை ‘எட்ஜ்’ (காத்திராமல் உடனே கடத்தும் போர்ட்) ஆக்குங்கள். அதே கேபிளில் லேப்டாப்பைச் செருகிப் பார்ப்பதும் நல்ல சோதனை: 169.254 என்று தொடங்கும் முகவரி (கேட்டும் கிடைக்காதபோது லேப்டாப் தானே போட்டுக்கொள்வது) வந்தால் குறை கேபிளிலோ சுவிட்சிலோ ரவுட்டரிலோதான். ஆனால் 24 வோல்ட் பாசிவ் இன்ஜெக்டர் (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் பெட்டி) வழி வரும் கேபிளை லேப்டாப்பில் செருகவே கூடாது, போர்ட் கருகிவிடலாம்.

கேள்வி: ஆக்சஸ் பாயின்டிலேயே நிலையான முகவரி போட்டால் போதாதா?

பதில்: வேலை செய்யும், ஆனாலும் ரிசர்வேஷனே மேல். நாளை ரவுட்டர் மாறி நெட்வொர்க் 192.168.0 ஆனால், நிலையான முகவரி போட்ட ஒவ்வொன்றையும் ஏணி போட்டு ஏறி ரீசெட் செய்ய வேண்டிவரும்.