செமஸ்டர் நடுவில் படிப்பை நிறுத்தினால் பெல் மானியமும் கடனும் என்னவாகும்?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் கிரீன் கார்டில் வசிக்கிறோம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்கு இந்தச் செமஸ்டரில் பெல் மானியமாக (வருவாய் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு அரசு தரும், பொதுவாகத் திருப்பிக் கட்ட வேண்டாத உதவி) 3,000 டாலரும், மத்திய அரசின் மாணவர் கடனாக 3,000 டாலரும் வந்தன. கல்லூரிக் கட்டணம் 5,000 போக மீதி 1,000 வாடகைக்குச் செலவாகிவிட்டது. உடல்நலம் குன்றியதால், 110 நாள் செமஸ்டரின் 44ஆம் நாளில், ஐந்து வகுப்புகளிலிருந்தும் விலக நினைக்கிறாள். பணத்தைத் திருப்பித் தர நேருமா?

பதில்: நேரும். ஆனால் உங்களிடம் கேட்கப்போவது அரசாக இராது, கல்லூரியாகவே இருக்கும்.

1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டப்படி, செமஸ்டரில் கழிந்த நாள்களின் விகிதத்துக்கே உதவித்தொகை மாணவருக்கு உரியதாகிறது. 60 விழுக்காட்டைத் தாண்டினால்தான் முழுத் தொகையும் சொந்தம். இந்தக் கணக்கில் சனி, ஞாயிறும் சேரும். இடையில் வரும் விடுமுறை தொடர்ந்து ஐந்து நாளோ அதற்கு மேலோ நீண்டால் மட்டுமே கழிக்கப்படும்.

உங்கள் மகள் முடித்திருப்பது 40 விழுக்காடு. ஆகவே 6,000 டாலரில் 2,400 அவளுக்குரியது. 3,600 திரும்ப வேண்டியது. அதில் கல்லூரியின் பங்கு, கட்டணத்தில் அவள் முடிக்காத 60 விழுக்காட்டுக்கான 3,000. அவள் விலகியதை உறுதிசெய்த 45 நாளுக்குள் கல்லூரி அதை அரசுக்கு அனுப்பியாக வேண்டும். முதலில் கடனுக்கே வரவு வைக்க வேண்டும் என்பதால் இந்தச் செமஸ்டரின் கடன் தீர்ந்துவிடும். எஞ்சிய 600 மானியத்தைச் சேர்ந்தது. மானியத்தில் பாதி வரை மாணவரிடம் கேட்கக் கூடாது என்று சட்டம் காப்பளிப்பதால், அந்த 600ஐ நீங்கள் தர வேண்டியதில்லை. ஆனால் கல்லூரி தன் கையிலிருந்து அனுப்பிய 3,000 டாலர் அவளுடைய பெயரில் பாக்கியாக ஏறும். கட்டணத்தைத் திருப்பித் தருவது கல்லூரியின் சொந்த விதியைப் பொறுத்தது. ஏழாவது வாரத்தில் அந்தக் கெடு பெரும்பாலும் முடிந்திருக்கும். கடனாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் அடைக்கக்கூடிய தொகையை, இப்போது கல்லூரிக்கு உடனே கட்டும்படி ஆகிவிடுகிறது. நான் பார்த்தவரையில் குடும்பங்கள் திகைத்துப்போவது இந்த பில்லைப் பார்த்துத்தான்.

60 விழுக்காட்டைத் தாண்டும் 67ஆம் நாள் வரை படிப்பைத் தொடர்ந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் உடல் தாங்காத பிள்ளையை நாள் கணக்குக்காக வகுப்பில் உட்கார வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. மருத்துவர் சம்மதித்தால், ஆறு கிரெடிட்டுக்கு இரண்டு வகுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விடலாம். ஒரு வகுப்பிலாவது தொடர்கிறவர் விலகியவராகக் கருதப்படுவதில்லை. மேலே சொன்ன கணக்கும் எழாது. வகுப்பைக் குறைத்தவருக்கு மானியத்தை மறுகணக்கிடும் தேதி கடந்துவிட்டதா என்பதை மட்டும் நிதியுதவி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படிப்பில் போதிய முன்னேற்றம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை தனியாக உண்டு. எடுத்த கிரெடிட்டில் ஏறத்தாழ 67 விழுக்காட்டையாவது முடித்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான கல்லூரிகளின் அளவு. முதலாண்டில் எடுத்த 30 கிரெடிட்டில் அவள் 27ஐ முடித்திருந்தாலும், இப்போது 15ஐயும் விட்டால் 45க்கு 27, அதாவது 60 விழுக்காடு. அடுத்த உதவி நிற்கக்கூடும். நோயைக் காட்டி மேல்முறையீடு செய்யச் சட்டம் இடம் தருகிறது. மருத்துவரின் கடிதத்தில் நோய் தொடங்கிய தேதியும், அடுத்த செமஸ்டரில் திரும்பப் படிக்க முடியும் என்ற கருத்தும் இருக்கட்டும்.

சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குப் போவதை மட்டும் நிறுத்த வேண்டாம். எல்லாப் பாடத்திலும் தோல்வி என்று பதிவாகி மதிப்பெண் சராசரி சரியும். அவள் கடைசியாக வகுப்பில் இருந்த நாளுக்குச் சான்று இல்லையென்றால், செமஸ்டரின் பாதியிலேயே விலகியதாகவும் கணக்கிடலாம். வருகைப் பதிவு கட்டாயமில்லாத கல்லூரியில், விலகும் எண்ணத்தை அதற்குரிய அலுவலகத்துக்குத் தெரிவித்த நாளே விலகிய நாள் என்பதால், மின்னஞ்சலில் தெரிவித்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். முதலாண்டில் வாங்கிய கடன் இருந்தால் அதற்கு ஆறு மாத அவகாசம் ஓடத் தொடங்கும். அதற்குள் பாதி நேர மாணவியாகவாவது மறுபடி சேர்ந்துவிட்டால், தவணை தொடங்காது.