முதல் கத்திக்கு முன்னால் ஒரு பெட்டி பழைய இதழ்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மேற்படிப்புக்காக அட்லாண்டா வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஊரில் தாத்தாவின் பட்டறையில் அரிவாள் அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். இங்கே புத்தகக் கடையில் கத்திகளுக்கென்றே பத்திரிகைகள் இருப்பதைக் கண்டதும் ஆசை பிடித்துக்கொண்டது. எதைப் படிப்பது, முதல் கத்தியாக எதை வாங்குவது, நம் போன்றவர் கத்தி வைத்திருந்தால் வம்பு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

ஜார்ஜியா மாநிலச் சட்டம் 12 அங்குலத்துக்கு மேல் அலகு நீண்ட கத்தியைத்தான் ஆயுதமாக எண்ணுகிறது. என்னோடு வேலை செய்பவர்களில் பாதிப்பேர் சட்டைப் பையில் மடக்குக் கத்தி வைத்திருக்கிறார்கள். பெட்டி பிரிப்பார்கள், ஆப்பிள் நறுக்குவார்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் நீங்கள் மாணவர். கல்லூரி வளாகத்துக்குப் பள்ளிகளுக்கான விதிதான். 2 அங்குலமோ அதற்கு மேலோ அலகுள்ள கத்தி அங்கே குற்றமாகலாம். நடுவண் அரசுக் கட்டடங்களில் 2.5 அங்குலத்துக்குக் குறைந்த பேனாக்கத்திக்கு மட்டும் விலக்கு உண்டு. பக்கத்து மாநிலத்துக்குப் போனால் கணக்கு மாறும். விசாவில் இருப்பவர் மீது ஒரு வழக்கு பதிவானால், பிறகு நிரப்பும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அது கூடவே வரும். ஆகவே வளாக விடுதியில் இருக்கும்வரை கத்தி வாங்காதீர்கள். அந்தக் காலத்தை இதழ்கள் படிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். இதை உங்களுக்கு வாய்த்த நல்வாய்ப்பு என்றே நினைக்கிறேன். எனக்கு அப்படி ஒரு காலம் கிடைக்கவில்லை.

நான் வந்த புதிதில், வாரக்கடைசிச் சந்தை ஒன்றில் 'டமாஸ்கஸ்' கத்தி, அதாவது வரியோடிய எஃகுக் கத்தி, என்று ஒன்றை வாங்கினேன். அலகு முழுவதும் ஆற்று மணலில் நீர் வரித்ததுபோல் அத்தனை அழகான வரிகள். ஒரே வாரத்தில் தக்காளித் தோலில்கூட இறங்க மறுத்தது. எத்தனை முறை தீட்டினாலும் மறுநாள் வெட்டும் விளிம்பு மடங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, நூலகம் கழித்துவிட்ட பத்திரிகைக் கட்டு ஒன்றில் 'பிளேட்' என்ற கத்தி இதழின் பழைய பிரதிகள் கிடைத்தன. காரணம் அதில் விளக்கமாக இருந்தது. இருவகை எஃகை அடுக்கி, காய்ச்சி ஒன்றாக அடித்து, அமிலத்தில் நனைத்தால் வரி தெரியும். வெட்டும் திறனை அந்த வரி காட்டாது. அதைத் தீர்மானிப்பது தோய்ச்சல். அதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. உங்கள் தாத்தா பழுக்கக் காய்ச்சிய அரிவாளை எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்குவாரே, அதுதான்.

அதனால்தான் பழைய இதழ்களைச் சொல்கிறேன். 'பிளேட்' 1973இல் 'அமெரிக்கன் பிளேட்' என்ற பெயரில் தொடங்கியது. அதே ஆண்டில்தான் மேரிலாந்துக் கொல்லர் பில் மோரன் கன்சாஸ் சிட்டி கண்காட்சியில் தன் அடுக்கு எஃகுக் கத்திகளைக் கொண்டுவந்து வைத்தார். அமெரிக்காவில் ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்த கலை அது. 1976இல் அவர் முன்னின்று அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தைத் தொடங்கினார். எண்பதுகளின் இதழ்களைப் புரட்டினால் அந்த மறுமலர்ச்சி நடக்கும்போதே படிப்பது போலிருக்கும். உலை எப்படிக் கட்டுவது, எந்த எஃகை எவ்வளவு சூட்டில் அடிப்பது என்று செய்பவர்களே பேசுகிறார்கள்.

அந்தச் சங்கத்தின் தேர்வைப் பற்றிய கட்டுரை எதுவானாலும் விடாதீர்கள். தேர்வு எழுதும் கொல்லர், தொங்கவிட்ட ஓரங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். பிறகு கட்டுமான மரச்சட்டத்தை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அவ்வளவுக்கும் பிறகு அதே அலகு கைமயிரை மழிக்க வேண்டும். கடைசியில் பிடிப்பானில் மாட்டி 90 பாகை வளைப்பார்கள், உடையக்கூடாது. வெட்டும் விளிம்பு கடினமாகவும் முதுகு நெகிழ்வாகவும் இருக்கும்படி தோய்ச்சல் செய்தவரால்தான் இது முடியும். இதற்குப் பலர் எடுப்பது 5160 என்ற எஃகு, அதாவது வண்டிகளின் வில்பட்டைக்கான எஃகு. உங்கள் தாத்தா பழைய லாரிப் பட்டையில் அரிவாள் அடித்திருந்தால், அதற்கு உறவுக்கார எஃகைத்தான் நீங்கள் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறீர்கள். இந்தப் பக்கங்கள் உங்களுக்கு அந்நியமாக இராது.

புதிய இதழ்களை வேறு கண்ணோடு படிக்க வேண்டும். விளம்பரம் தருபவரின் கத்தியைத்தான் அடுத்த பக்கத்தில் மதிப்புரை புகழும். பொய் எழுதுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. குறையை எழுதாமல் விடுகிறார்கள். எஃகின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி, வெட்டும் விளிம்புக்குப் பின்னால் அலகு எவ்வளவு தடிமன், எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் எண் எத்தனை என்று சொல்லாத மதிப்புரையை நான் நம்புவதில்லை. மடக்குக் கத்திக்கு அந்த எண் பெரும்பாலும் 57க்கும் 61க்கும் இடையில் இருக்கும். பழைய பாக்கெட் கத்திகளைச் சேர்ப்பதில் மனம் போனால், 1977இல் டென்னசியில் 'நைஃப் வேர்ல்டு' என்று தொடங்கிப் பின்னர் 'நைஃப் மேகசின்' ஆன இதழைத் தேடுங்கள். அலகின் அடியில் பதித்த நிறுவன முத்திரையை வைத்துக் கத்தியின் வயதைக் கணிக்கும் வித்தை அதில் கிடைக்கும். உங்களுக்கு அது இப்போது அவசரமில்லை.

நம் ஊர் வந்து சேரும் இடம் ஒன்று உண்டு. ஃபுளோரிடாவில் குதிரைக்கு லாடம் கட்டும் தொழில் செய்த ஆல்ஃபிரட் பெண்ட்ரே என்பவரும், ஐயோவா மாநிலப் பல்கலைக்கழக உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவனும் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்து, பழைய டமாஸ்கஸ் வாள்களின் எஃகைத் திரும்பச் செய்துகாட்டினார்கள். மோரனின் அடுக்கு எஃகு வேறு, இது வேறு. இதில் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் கலத்தில், உருக்கி எடுத்த ஒரே கட்டியிலிருந்து வரி பிறக்கிறது. மிகச் சிறிய அளவு வனேடியம் போன்ற உலோகத்தின் கலப்புதான் அதற்குக் காரணம் என்று கண்டார்கள். அந்தக் கட்டிகள் தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறியவை. 'வூட்ஸ்' என்று ஆங்கிலேயர் எழுதியது நம் பக்கத்து 'உக்கு', 'உருக்கு' என்ற சொல்லைத்தான் என்பார்கள். ஈரோட்டுப் பக்கம் நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் பழங்கால உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கத்திப் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் இதையெல்லாம் முதன்முறை படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஈரோட்டுப் பக்கம் பிறந்து, கொடுமணலுக்குப் போகாமலே விமானம் ஏறியிருந்தேன்.

ஒரு நடைமுறை யோசனை. இப்போது சமையலறைக் கத்தி ஒன்றும் தீட்டுக்கல் ஒன்றும் போதும். வாரம் ஒருமுறை வெங்காயம் நறுக்கிப் பார்த்துத் தீட்டுங்கள். எந்தக் கட்டுரை உண்மை பேசுகிறது என்பதை அந்தக் கை சொல்லிவிடும். ஜூன் மாதத்தில் இங்கே அட்லாண்டாவில் பெரிய கத்திக் கண்காட்சி நடக்கும். இதழில் படித்த கொல்லர்களை நேரில் பார்த்துப் பேசலாம். அவர்கள் கேள்வி கேட்பவரை விரும்புவார்கள். அதற்குள் விடுதியை விட்டு வெளியே வீடு எடுத்துவிட்டால் முதல் கத்தியை அங்கேயே தேர்ந்தெடுக்கலாம், நானும் கூட வருகிறேன்.

அதுவரைக்கும் என்னிடம் உள்ள எண்பது, தொண்ணூறுகளின் இதழ்களை ஒரு பெட்டியில் கட்டி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பென்சிலால் நான் கோடிட்ட இடங்களை மட்டும் அழித்துவிடாதீர்கள்.