பகுதிநேர அசைவம் – கடிதம்

அன்புள்ள அக்கா,

வாரத்தில் இரண்டு நாள் கறி சாப்பிடுபவன் நான். சில வாரம் மூன்று. மீதி நாளெல்லாம் காய்கறிதான். கொள்கையெல்லாம் கிடையாது. டாக்டர் சொன்னது பாதி, சோம்பல் பாதி. போன மாதம் நண்பர் ஒருவர் தன் பிறந்தநாளுக்கு எங்களை ஒரு வீகன் உணவகத்துக்கு அழைத்துப்போனார். ஆறு வருடமாகப் பால், முட்டைகூடத் தொடாதவர் அவர்.

பரிமாற வந்த பெண் சிரித்தபடி "எல்லாரும் வீகன்தானா?" என்று கேட்டார். ஏனென்று தெரியவில்லை, நான் முந்திக்கொண்டு "ஆமாம்" என்றேன். அப்புறம் சாப்பிட்டு எழுந்திரிக்கிற வரைக்கும் திருட்டு முழிதான். மேலே சீஸ் வைத்த பர்கர் ஒன்று சொன்னேன். பார்வைக்கு அசல் கறி பர்கர். இரண்டு கடிக்கு மேல் இறங்கவில்லை. நண்பர் "எப்படி இருக்கு?" என்றார். "சூப்பர்" என்றேன்.

என்னைப் போன்ற ஆள் அங்கே போய் உட்காருவதே போலித்தனமா? கறியே வேண்டாம் என்று விட்டவர்கள் எதற்காக அதையே சோயாவில் செய்து சாப்பிடுகிறார்கள்? அடுத்த மாதம் மறுபடி கூப்பிட்டிருக்கிறார். போனால் என்னதான் ஆர்டர் செய்வது?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் சாப்பாட்டைக் கெடுத்தது பர்கர் இல்லை, அந்த "ஆமாம்". அந்தப் பெண் உங்களைச் சோதிக்கக் கேட்டிருக்க மாட்டார். இந்தச் சமையல் பழக்கமானவர்களா, எடுத்துச் சொல்ல வேண்டுமா என்று தெரிந்துகொள்ளக் கேட்டிருப்பார். "இல்லைங்க, நான் கறி சாப்பிடுறவன், இங்க எது நல்லா இருக்கும்?" என்று திருப்பிக் கேட்டிருந்தால் கண்டிப்பாக அந்த பர்கரைக் காட்டியிருக்க மாட்டார். கறியின் ருசி நாக்கில் பசுமையாக இருக்கும் ஆளுக்கு முதலில் கொடுக்கக் கூடாதது அதுதான் என்று அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். கறியை விட்டு ஆறு வருடம் ஆனவருக்கு அது பழைய ஞாபகம். முந்தாநாள் சாப்பிட்ட உங்களுக்கு அது தோற்றுப்போன நகல்.

போலித்தனமா என்றால், இல்லை. வீகன் என்ற சொல் 1944இல் பிரிட்டனில் பிறந்தது. டொனால்டு வாட்சனும் அவரோடு சேர்ந்தவர்களும் 'வெஜிடேரியன்' என்ற ஆங்கிலச் சொல்லின் தலையையும் வாலையும் வைத்துக்கொண்டு நடுவை வெட்டி எறிந்தார்கள். (தமிழில் 'நனிசைவம்' என்று அழகான ஒரு சொல் உண்டு. எழுதலாம், மேசையில் உட்கார்ந்து சொன்னால் யாருக்கும் புரியாது.) அது ஒரு வாழ்க்கை முறையின் பெயர். உணவகமோ ஓர் அடுப்படி. உள்ளே வர உறுதிமொழி எதுவும் எடுக்க வேண்டியதில்லை.

உங்களைப் போன்றவர்கள் வராவிட்டால் நஷ்டம் அவர்களுக்கும்தான். நியூயார்க்கில் 'லெவன் மேடிசன் பார்க்' என்று மூன்று மிச்லின் நட்சத்திரம் (உணவகங்களுக்குக் கிடைக்கும் உச்ச மதிப்பு) பெற்ற உணவகம் ஒன்று இருக்கிறது. அதன் தலைமைச் சமையல்காரர் டேனியல் ஹும் 2021இல் உணவுப் பட்டியலை முழுக்கத் தாவரத்துக்கு மாற்றினார். உலகமே பேசியது. 2025இல், கறியும் மீனும் விருப்பப்பட்டவர்களுக்கு மறுபடி உண்டு என்று அறிவித்தார். தன்னை அறியாமலே சிலரை வெளியே நிறுத்திவிட்டேன் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. நட்சத்திரம் குறைந்ததாலோ சமையல் கெட்டதாலோ இல்லை, மேசைக்குப் பாதி மனதோடு வருபவர்களும் வேண்டியிருந்தார்கள்.

அடுத்தது போலிக் கறி. கறியை விட்டவர்கள் எல்லாருமா ருசி பிடிக்காமல் விட்டார்கள்? பலர் அந்த மிருகத்துக்காக விட்டவர்கள். நாக்கோடு அவர்களுக்குச் சண்டை இல்லை. சீனத்துப் பௌத்த மடங்களில் கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் அலசி அலசி, மாவுச்சத்து போனபின் மிஞ்சும் பசையை இறைச்சி போலச் சமைப்பது பல நூற்றாண்டுப் பழக்கம். இன்று அதைத்தான் சைட்டான் என்று விற்கிறார்கள். 2016இல் வந்த இம்பாசிபிள் பர்கர் இன்னும் ஒரு படி மேலே போனது. சோயாச் செடியின் வேர் முடிச்சில் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான புரதம் ஒன்று இருக்கிறது. அதன் மரபணுவை ஈஸ்ட்டில் வைத்து வளர்த்து எடுத்துச் சேர்த்தார்கள். அந்தப் புரதத்தில் இருக்கும் ஹீம் என்ற இரும்புள்ள பொருள்தான் கறிக்கு ரத்த வாசனையைத் தருகிறது என்பது கணிப்பு. கெட்டிக்கார வேலைதான். எனக்கும் அது பிடிக்கும், மாதம் ஒருமுறை.

பிடிக்காதது முந்திரி, பாதாமில் செய்கிற வீகன் சீஸ். ஒருமுறை எனக்கு வந்ததை உங்களுக்குக் காட்ட வேண்டும். மஞ்சளாக ஒரு வில்லை. ஓரம் மட்டும் எண்ணெய் கசிந்து பளபளத்தது, நடுவில் அசையவே இல்லை. முள்கரண்டியால் இழுத்தேன், நூல் வரவில்லை, சுவரொட்டி ஒட்டும் பசை மாதிரி பிய்ந்து வந்தது. மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது, தண்ணீர் குடித்தும் போகவில்லை. சமையல்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அசல் சீஸ் நூலாக இழுபடுவது பாலில் உள்ள கேசின் என்ற புரதத்தால். முந்திரியிலோ பாதாமிலோ அது கிடையாது. அதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயும் மரவள்ளி மாவும் சேர்ப்பார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கிலேயே உருகி ஓடிவிடும், மாவு நின்ற இடத்தில் நிற்கும். இரண்டும் ஆளுக்கொரு திசையில் போகும்போது நடுவில் மாட்டிக்கொள்வது நம் வாய்.

அதே முந்திரியை ஊறவைத்து அரைத்து சூப்பில் ஊற்றட்டும், கிரீம் இல்லை என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. எதன் வேஷமும் போடாத பண்டத்தைக் கேளுங்கள் என்பதுதான் என் பதில்.

எனக்கு அந்த சீஸ் வந்த உணவகத்தில் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது காளான். பெரிய காளானை முழுசாக இரும்புச் சட்டியில் போட்டு, மேலே இன்னொரு கனமான சட்டியை வைத்து அழுத்தியிருந்தார்கள். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது வெளியேறுகிற வரைக்கும் வெந்துகொண்டுதான் இருக்கும், சிவக்காது. தண்ணீர் போனபின்தான் வறுபடும் வாசனையே எழும். கறி வறுபடும்போது நடக்கும் அதே வேதியியல், யாரும் யாரையும் பார்த்துக் காப்பியடிக்கவில்லை. ஓரம் முறுகலாக, நடுவில் கத்தி இறங்கும்போது லேசாகத் தடுத்தது. கீழே மிசோ என்ற ஜப்பானியச் சோயா விழுது தடவியிருந்தார்கள். 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்து, அதன் ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். புளிக்கவைத்த சோயாவில் அது நிறைய உண்டு. உலர்ந்த ஷிடாகே காளானில் இருக்கும் குவானிலேட் என்ற இன்னொரு ருசிப்பொருளோடு அது சேர்ந்தால் ருசி கூடுவதில்லை, பெருகுகிறது. கறியில் நாம் தேடுவதில் பாதி அதுதான். நான் தட்டை வழித்தேன்.

ஆகவே வறுத்தது, சுட்டது, புளிக்கவைத்தது என்று பட்டியலில் தேடுங்கள். டெம்பே இருந்தால் கேளுங்கள். முழு சோயாவைப் பூஞ்சையால் கட்டியாக்கியது. சோயாப் பன்னீரான டோஃபுவைவிட உங்களுக்குப் பிடிக்கும். மேற்கோள் குறிக்குள் கறியின் பெயர் போட்டிருந்தால் தாண்டிப் போங்கள். இனிப்பைத் தவறவிடாதீர்கள். கொண்டைக்கடலை வெந்த தண்ணீரை அடித்தால் முட்டை வெள்ளைக்கரு போல நுரைத்து நிற்கும் என்று 2014-15 வாக்கில் கண்டுபிடித்தார்கள். அந்த நுரையில் சர்க்கரை சேர்த்துச் சுட்ட மெரிங்கு கிடைத்தால் இரண்டு சொல்லுங்கள். கொட்டை, சோயா, கோதுமை ஏதாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்த அடுப்படியே அவற்றின்மேல்தான் நிற்கிறது. பயறு பழகாத வயிறு ராத்திரி கொஞ்சம் பேசும். பயப்பட வேண்டாம்.

அப்புறம், மேசையில் உட்கார்ந்துகொண்டு புரதத்துக்கு என்ன செய்வீங்க, செடிக்கு உயிர் இல்லையா என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். ஆறு வருடத்தில் உங்கள் நண்பர் அதற்கு எத்தனை முறை பதில் சொல்லியிருப்பாரோ. "நானும் கிட்டத்தட்ட விட்டுட்டேன்" என்றும் சொல்லாதீர்கள். அது மூன்றாவது பொய்.

இரண்டாவது பொய்யை அடுத்த மாதம் வரை வைத்திருக்காமல் இப்போதே போன் செய்து உடைத்துவிடுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். உங்களுக்கு வந்ததைவிட மோசமான சீஸையெல்லாம் தின்று தேறி வந்தவர் அவர். நீங்கள் பாதியில் வைத்த பர்கரை அவர் பார்க்காமலா இருந்திருப்பார்?

அன்புடன்,
அக்கா