வாசற்படியை இடிக்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மழைக்கு முன் வாசலைச் சரிசெய்துவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வாசற்படியைப் பற்றியவை. எல்லோருக்கும் சேர்த்து ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படி ஏன் கெட்டது என்று தெரியாமல் கடப்பாரையை எடுக்காதீர்கள். காரணம் மண்ணில் இருந்தால், நீங்கள் கட்டப்போகும் புதுப் படியும் அதே இடத்தில்தான் விரியும்.

எங்கள் வாசற்படிக்கு 22 வயது. மேல்பூச்சு தேய்ந்து ஜல்லி தெரிகிறது, ஓரங்கள் உடைந்திருக்கின்றன. ஒரே நாளில் மேலே பூசித் தருகிறேன் என்கிறார் கொத்தனார். இடித்துத்தான் கட்ட வேண்டும் என்கிறான் மகன். எது சரி ஐயா? (இல்லத்தரசி, விழுப்புரம்)

அதைப் படியே சொல்லிவிடும் அம்மா. ஒரு சிறிய சுத்தியலை எடுத்துக்கொண்டு வாசலில் உட்காருங்கள். ஒரு சாண் இடைவெளியில் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்று கெட்டியாகக் கேட்கும் இடத்தில் உள்ளே கான்கிரீட் நன்றாக இருக்கிறது. 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்டால் பூச்சு பிடிப்பை விட்டுவிட்டது. சாக்பீஸால் அந்த இடங்களை வட்டம் போட்டு வையுங்கள். அப்புறம் படிக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா, படி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளியோ சாய்வோ இருந்தால் மகன் சொல்வதுதான் சரி. இல்லையென்றால் இடிக்கத் தேவையில்லை.

ஆனால் 'ஒரே நாளில் பூசுவது' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய கான்கிரீட் மேல் வெறும் சிமெண்ட் பால் ஊற்றிப் பூசினால் அடுத்த கோடையில் தகடாகப் பெயர்ந்துவிடும். பொள்ளலானதை எல்லாம் உளியால் எடுத்து, மிச்சப் பரப்பையும் கொத்திவிட்டு, தூசியைக் கழுவி, ஈரம் காயாத நிலையில் எஸ்பிஆர் லேடெக்ஸ் (பழையதையும் புதியதையும் ஒட்டவைக்கும், பால்போன்ற ரப்பர் திரவம்) கலந்த சிமெண்ட் குழம்பைப் பிரஷால் தேய்க்க வேண்டும். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே மேல் கலவை விழ வேண்டும். காய்ந்த பிறகு பூசினால் அந்த லேடெக்ஸே பிடிப்பைக் கெடுத்துவிடும்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. எல்லாப் படிகளிலும் 1 அங்குலம் பூசினால் நடுப் படிகளின் உயரம் மாறாது. தரையிலிருந்து ஏறும் முதல் படி மட்டும் 6 அங்குலத்திலிருந்து 7 ஆகும். வீட்டுத் தளத்துக்கு ஏறும் கடைசி ஏற்றம் 5 ஆகிவிடும். இருட்டில் ஏறும் கால், எல்லாப் படியும் ஒரே உயரம் என்று நம்பித்தான் தூக்குகிறது. அந்த வித்தியாசத்தில்தான் தடுக்கும். அதனால் எல்லாப் படிகளிலும் பழைய பூச்சை ஆழமாக எடுத்துவிட்டு, புதுப் பூச்சு பழைய மட்டத்துக்கே வரும்படி செய்யச் சொல்லுங்கள்.

வீடு கட்டி ஆறு ஆண்டுகள்தான் ஆகின்றன. கரிசல் மண். வீட்டில் ஒரு கீறல்கூட இல்லை. படி மட்டும் வீட்டை விட்டு ஒரு விரல் அகலம் விலகிவிட்டது. இரண்டு முறை சிமெண்ட் வைத்து அடைத்தும் மறுபடி திறந்துகொள்கிறது. (வாசகர், கோவில்பட்டி)

வீட்டுக்கு ஆழமாகத் தோண்டி அஸ்திவாரம் போட்டிருப்பீர்கள். படிக்கு யாரும் தோண்டியிருக்க மாட்டார்கள். வேலை முடியும் தருவாயில், மிச்சமிருந்த செங்கல்லையும் ஜல்லியையும் வைத்து மேல்மண்ணிலேயே படியைக் கட்டிவிட்டுப் போவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வீடு அசையாமல் நிற்கிறது, படி ஆண்டுக்கொரு முறை ஏறி இறங்குகிறது. நடுவில் சிமெண்ட் வைத்து அடைப்பதால் ஒரு பயனும் இல்லை.

இதை இடித்துத்தான் ஆக வேண்டும். படி நிற்கும் இடத்தையும், மூன்று பக்கமும் ஓர் அடி கூடுதலாகவும் சேர்த்து இரண்டரை, மூன்று அடி ஆழத்துக்குக் கரிசலை எடுத்துவிடுங்கள். வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டி அதன் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் தோண்டக் கூடாது. அந்தக் குழியைக் கிராவல் மண்ணால் நிரப்புங்கள். 6 அங்குலம் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்கி, அதற்கு மேல் அடுத்த 6 அங்குலம். மொத்தமாகக் கொட்டிவிட்டு மேலே மட்டும் இடித்தால் அடியில் இறுகாது. மணல் நிரப்பலாமா என்று கொத்தனார் கேட்பார், வேண்டாம். கரிசலுக்கு நடுவே மணல்குழி இருந்தால் சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அதில்தான் வந்து தங்கும்.

அதன் மேல் ஒன்றரை அங்குல ஜல்லி போட்டு 1:4:8 விகிதத்தில் (சிமெண்ட், மணல், ஜல்லி) 4 அங்குல பிசிசி, அதாவது கம்பியில்லாக் கான்கிரீட், பிறகு படி. வீட்டுச் சுவரோடு படியை ஒட்டாதீர்கள். அரை அங்குலத் தெர்மாகோல் பலகையை நடுவில் நிறுத்திக் கான்கிரீட் போடுங்கள். பிறகு மேலே ஓர் அங்குலம் தெர்மாகோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, பாலிசல்ஃபைடு அல்லது பாலியூரித்தேன் சீலண்டால் அடையுங்கள். அது ரப்பர்போல இழுபடும், அதனால் படி சிறிது அசைந்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காது. படியை ஒட்டிப் பூச்செடி வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இருந்தால் செடியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தூரத்தில் வீடு. செருப்பு வைக்க அடியில் இடம் விட்டு, கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் படி. இப்போது அடிப்பக்கம் கான்கிரீட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. ஒட்டுப்போட்டால் தாங்குமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகப்பட்டினம்)

தாங்காது சார். இரும்பு துருப்பிடித்தால் இரண்டு மடங்குக்கும் மேல் பருக்கும். உள்ளிருந்து அப்படித் தள்ளுவதால்தான் கான்கிரீட் உதிர்கிறது. கண்ணுக்குத் தெரியும் இடத்தைச் சுத்தம் செய்து பூசினாலும், உப்பு ஏறிய மிச்சக் கான்கிரீட்டுக்குள் பக்கத்துக் கம்பி தொடர்ந்து துருப்பிடிக்கும். படியின் அடியில் யாரையும், குறிப்பாகக் குழந்தைகளை, உட்கார விடாதீர்கள்.

இடித்த பிறகு ஏன் மறுபடியும் கம்பி? மூன்று நான்கு படி உயரத்துக்கு, இறுகிய தரை மேல் நிற்கும் கெட்டிக் கான்கிரீட் படிக்குக் கம்பியே தேவையில்லை. கம்பி இல்லாத இடத்தில் துருவும் இல்லை. கணக்குப் பாருங்கள். 5 அடி அகலம், 6 அங்குல உயரம், 12 அங்குல மிதி என்று மூன்று படிக்கு மொத்தம் 15 கன அடிக் கான்கிரீட்தான். 1:1½:3 கலவைக்கு மூன்றரை மூட்டை சிமெண்ட் போதும். செருப்புக்குத் தனியாக ஒரு அலமாரி வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நாக்கில் கரிக்கும் போர் தண்ணீரில் கலவை போட விடாதீர்கள். கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் வரை குளோரைடை (உப்பை) ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரவிதி அனுமதிக்கிறது, கம்பி போட்டதற்கு 500 தான். ஆனாலும் உப்புத் தண்ணீரில் போட்ட படி வெள்ளையாகப் பூத்துக்கொண்டே இருக்கும்.

தெரு ரோட்டை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் எங்கள் முதல் படி பாதி புதைந்துவிட்டது. அதன் உயரம் 3 அங்குலம், மற்ற மூன்று ஏற்றங்களும் 6 அங்குலம். அப்பாவுக்கு 78 வயது, போன மாதம் தடுக்கி விழப் பார்த்தார். புதிதாகக் கட்டும்போது ஒற்றைப்படையில்தான் வர வேண்டும் என்கிறார் அம்மா. (வாசகி, தாம்பரம்)

அப்பா தப்பித்தது நிம்மதி. இதை இந்த மாதமே செய்துவிடுங்கள்.

முதலில் ஒரே ஒரு அளவு எடுங்கள். வீட்டுத் தளத்திலிருந்து இன்றைய ரோட்டு மட்டத்துக்கு டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்துப் பாருங்கள். நீங்கள் சொல்லும் கணக்குப்படி முன்பு 24 அங்குலம் இருந்தது, நான்கு ஏற்றம். இப்போது 21. அதை மூன்றாகப் பிரித்தால் ஏற்றத்துக்கு 7 அங்குலம். தேசியக் கட்டிட விதித் தொகுப்பு வீடுகளுக்கு அனுமதிப்பது 190 மில்லிமீட்டர், அதாவது ஏழரை அங்குலம். ஆக 7 விதிக்குள்தான் வருகிறது. ஆனால் 78 வயது முழங்காலுக்கு அது அதிகம். நான்காகப் பிரித்தால் ஐந்தேகால் அங்குலம். நான் இதைத்தான் சொல்வேன். ஏறும் உயரத்தை இரண்டால் பெருக்கி, மிதிக்கும் அகலத்தைக் கூட்டினால் 24 அல்லது 25 அங்குலம் வர வேண்டும். ஐந்தேகாலுக்கு 14 அங்குல மிதி. கால் முழுவதும் ஊன்றலாம்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஏற்றம் நான்கு என்றாலும் கட்டும் படி மூன்றுதான், நான்காவது ஏற்றத்தில் வீட்டுக்குள் போய்விடுகிறோம். 'லாபம், நஷ்டம், லாபம்' என்று எண்ணினால் கடைசிப் படி லாபத்தில் முடிகிறது. சில வீடுகளில் தளத்தையும் சேர்த்து எண்ணுவார்கள். உங்கள் வீட்டு வழக்கம் எது என்று கேட்டுக்கொண்டு, பிறகு முடிவு செய்யுங்கள். எப்படி எண்ணினாலும் சரி, எண்ணிக்கைக்காக ஒரு படியை மட்டும் குட்டையாக்க விடாதீர்கள்.

மூன்று மிதிக்கும் சேர்த்து மூன்றரை அடி வேண்டும். அது உங்கள் மனைக்குள்ளேயே அடங்க வேண்டும். தெருவுக்கு நீட்டினால் மாநகராட்சி இடித்துவிடும், வழியில் நடப்பவர்களுக்கும் இடைஞ்சல். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் உத்தரவிட்டிருக்கிறது. அடுத்த முறை உங்கள் தெருவுக்கு ரோடு போட வரும்போது அக்கம்பக்கத்தார் எல்லோரும் சேர்ந்து நின்று அதைக் கேளுங்கள்.

படிக்குப் பளபளப்பான கிரானைட் போட்டோம். மழையில் வழுக்குகிறது. (வாசகர், திருச்சி)

கல்லை மாற்ற வேண்டாம். ஓரத்திலிருந்து 2 அங்குலம் உள்ளே தள்ளி, மெஷினால் மூன்று காடி போடச் சொல்லுங்கள், கால் பிடிக்கும். புதிதாக வாங்குபவர்கள் சொரசொரப்பாக வரும் லெதர் ஃபினிஷ் அல்லது ஃபிளேம் ஃபினிஷ் என்று கேட்டு வாங்குங்கள். எந்தக் கல்லானாலும் அடிக்குக் கால் அங்குலம் வெளிப்பக்கம் வாட்டம் வேண்டும். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அது வீட்டுப் பக்கம் ஓடினால் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்தான் புதுப் படி போட்டோம். பெருக்கும்போதெல்லாம் சிமெண்ட் தூளாக வருகிறது. மேலே வலைபோல மெல்லிய கீறல்கள். நல்ல சிமெண்ட்தான் வாங்கிக் கொடுத்தோம். (வாசகி, சேலம்)

சிமெண்ட் மேல் தப்பில்லை. கலவை தண்ணியாக இருந்திருக்கும். மேலே தண்ணீர் கசிந்து நிற்கும்போது, அதை உறிஞ்ச வெறும் சிமெண்டைத் தூவிக் கரண்டியால் இழைத்திருப்பார்கள். அன்று கண்ணாடிபோல இருக்கும், பார்ப்பவர்களும் பாராட்டுவார்கள். ஆனால் அந்தத் தோலுக்குப் பலம் கிடையாது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அந்தப் பளபளப்பைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறேன். ஒரே கோடையில் அந்த வீட்டுப் படி தூளாகக் கொட்டியது. வீட்டுக்காரம்மா முறத்தில் அள்ளிக் கொண்டுவந்து காட்டியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீருக்கு மேல் வேண்டாம். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையுங்கள். கசிந்த தண்ணீர் தானாக ஆவியாகும்வரை காத்திருந்து, மணியாசுக் கட்டையால் (பூச்சைத் தேய்க்கும் மரப்பலகை) சொரசொரப்பாக முடிக்க வேண்டும். வாசலுக்குச் சொரசொரப்புதான் நல்லது.

அடுத்தது கியூரிங், அதாவது கான்கிரீட்டைக் காயவிடாமல் நனைத்து வைப்பது. தரையைப்போலப் படியில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த முடியாது. காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி ஊற்றினால் நடுப்பகல் வெயிலில் காய்ந்துவிடும். சாக்கையோ வைக்கோலையோ போர்த்தி, அது எப்போதும் ஈரமாக இருக்கும்படி நனைக்க வேண்டும். கடைகளில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது பிபிசி, அதாவது சாம்பல் கலந்த சிமெண்ட். அதற்குக் குறைந்தது 10 நாள். ஏழு நாள் கணக்கு ஓபிசி என்ற கலப்பில்லாத சாதாரண சிமெண்டுக்குத்தான். பக்கப் பலகையை மறுநாளே கழற்றலாம். மூன்று நாள் யாரும் மிதிக்க வேண்டாம், பின்வாசல் வழியாகப் போய்வாருங்கள்.

உங்கள் படிக்கு இப்போது செய்யக்கூடியது: தூளாகும் தோலைத் தேய்த்து எடுத்துவிட்டு, சிலிகேட் ஹார்டனர் (மேற்பரப்பைக் கெட்டியாக்கும் திரவம்) அடித்துப் பாருங்கள். கீறல் ஆழமில்லை என்றால் தூள் கொட்டுவது நின்றுவிடும். ஒன்று மட்டும் வேண்டாம். கோலக் கறை போக வேண்டும் என்று பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். அது கறையோடு சிமெண்டையும் கரைத்துவிடும்.

கும்பகோணம் பக்கம் தாத்தா கட்டிய வீடு. சுண்ணாம்புச் சுவர், கருங்கல் படி. நடுவில் கிண்ணம்போலத் தேய்ந்து மழைநீர் தேங்குகிறது. எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடலாம் என்றிருக்கிறோம். (வாசகர், பெங்களூர்)

தயவுசெய்து வேண்டாம். அந்தக் கல்லுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. பழைய வீடுகளில் படிக்குப் போட்டவை பெரும்பாலும் முழு நீளக் கற்கள். மேலே தேய்ந்திருந்தாலும் அடிப்பக்கம் போட்டபடியே இருக்கும். நாலு ஆட்களை வைத்து நெம்பிப் புரட்டிப் போட்டால் புதுப் படி. அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருந்தால் கல்தச்சரை அழைத்து, அம்மி கொத்துவதுபோலக் கொத்திவிடச் சொல்லுங்கள். வழுக்கவும் வழுக்காது.

திரும்ப வைக்கும்போது அடியில் சிமெண்ட் கலவை வேண்டாம், சுண்ணாம்புக் கலவையே போடுங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும். அதன் காலடியில் சிமெண்ட் வைத்து அடைத்தால் ஈரம் போக வழியில்லாமல் சுவரில் மேலே ஏறி, பூச்சைத் தள்ளும். சுவருக்குப் பக்கத்தில் டிரில்லிங் மெஷினால் உடைப்பதையும் தவிர்த்துவிடுங்கள், அதிர்வில் பழைய பூச்சு கொட்டும்.

கான்கிரீட்டுக்கு ஆள் பேசிவிட்டீர்கள் என்றால் அவர்கள் வருவதற்குள் ஒரே ஒரு கல்லை மட்டும் நெம்பி, அதன் அடிப்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.