ஏழு நாளில் டெக்சாஸ்: எதை விடுவது?

கேள்வி: ஏப்ரல் முதல் வாரம் நானும் மனைவியும் ஹூஸ்டனில் இறங்குகிறோம். கையில் 7 நாள். சான் அன்டோனியோ, பிக் பெண்ட், ஆஸ்டின், டல்லாஸ் நான்கையும் காரில் சுற்றிவிட முடியுமா?

பதில்: டல்லாஸை விட்டுவிடுங்கள். டெக்சாஸின் பரப்பு தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு. வரைபடத்தில் விரலளவு தெரிவது, சாலையில் ஒரு பகலை விழுங்கிவிடும். பெருநகரத்துக்கு ஹூஸ்டனே போதும். பிக் பெண்ட் தேசியப் பூங்கா போன்ற இடம் டெக்சாஸில் வேறு இல்லை.

முதல் நாளே 3 மணி நேரம் ஓட்டி சான் அன்டோனியோ போய்விடுங்கள். மறுநாள் காலை அலமோ, கோட்டையாக மாறிய பழைய தேவாலயம். உள்ளே போகக் கட்டணமில்லை, ஆனால் நேரத்தை முன்பதிவு செய்யவேண்டும். மெக்சிகோவிடமிருந்து டெக்சாஸ் பிரியப் போராடியபோது, 1836 மார்ச்சில் 13 நாள் முற்றுகைக்குப் பிறகு இந்தச் சின்னக் கட்டடம் மெக்சிகோ படையிடம் வீழ்ந்தது. அடுத்த மாதமே சான் ஹசிந்தோ போரில் டெக்சாஸ் ஜெயித்தது. 1845இல் அமெரிக்காவோடு சேரும்வரை அது தனி நாடு. வழியெங்கும் டெக்சாஸின் ஒற்றை நட்சத்திரக் கொடி பறப்பதன் காரணம் இங்கேதான் புரியும்.

மூன்றாம் நாள் முழுக்கப் பயணம். பிக் பெண்ட் 650 கிலோமீட்டருக்கு மேல். 7 மணி நேரமாவது ஆகும். மாரத்தான் என்ற சிற்றூரில் டேங்கை நிரப்பிவிடுங்கள், அதற்குப் பிறகு பூங்கா வரை நம்பிப்போக பங்க் கிடையாது. செல்போன் சிக்னலும் பல இடங்களில் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். இரவில் ஓட்டவேண்டாம், மான்கள் சட்டென்று குறுக்கே வரும். பூங்காவுக்குள் தங்க இடம் மிகக் குறைவு. பூங்காவை ஒட்டிய டெர்லிங்குவா என்ற ஊரில் 2 இரவுக்கு இப்போதே அறை பாருங்கள்.

நான்காம் நாள் பூங்காவிலுள்ள சான்ட்டா எலெனா பள்ளத்தாக்குக்கு விடியற்காலையில் போங்கள். ஆற்றின் இருபுறமும் 450 மீட்டர் உயரத்துக்குச் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்கும். இந்தச் சுவர் அமெரிக்கா, எதிர்ச்சுவர் மெக்சிகோ. பேசினால் குரல் திரும்பி வரும். மழை பெய்திருந்தால் பாதையில் குறுக்கிடும் ஓடையைக் கடக்கமுடியாது, பூங்காக் காவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரலிலேயே வெயில் சுள்ளென்று அடிக்கும், ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர் கட்டாயம்.

திரும்பும் வழியில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி உண்டு. பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

ஐந்தாம் நாள் இரவு ஃபிரெடரிக்ஸ்பர்க். 1846இல் ஜெர்மானியர்கள் உருவாக்கிய ஊர். நீங்கள் போகும் நேரம் அந்தப் பக்கத்துச் சாலையோரங்களில் புளூபானெட் என்ற நீலக் காட்டுப்பூ பூத்திருக்க நல்ல வாய்ப்பு. இறங்கிப் படமெடுக்கும்போது காலடியைப் பாருங்கள், பாம்பு இருக்கலாம்.

ஆறாம் நாள் ஆஸ்டின். சட்டமன்றக் கட்டடத்தின் குவிமாடத்துக்கு நேர்கீழே தரையில் டெக்சாஸ் குடியரசின் நட்சத்திரம் நடுவில் இருக்கும். டெக்சாஸை ஆண்ட மற்ற நாடுகளின் ஐந்து சின்னங்கள் அதைச் சுற்றி இருக்கும், அமெரிக்காவின் சின்னம் அவற்றில் ஒன்று. அனுமதி இலவசம்.

அப்புறம், காரை ஹூஸ்டனிலேயே திருப்பிக் கொடுங்கள். வேறு ஊரில் விட்டால் பெரும்பாலும் கூடுதல் கட்டணம் கேட்பார்கள்.