மூடப்போகும் கடையின் ஒப்பனைச் சரக்கை மொத்தமாக வாங்கி ஆன்லைனில் விற்கலாமா?

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறேன். தனியார் பள்ளி அலுவலகத்தில் மாதம் 34,000 ரூபாய் சம்பளம். என் கணவருக்குத் தெரிந்தவர் ஒருவர் சயானில் நடத்திவந்த ஃபேன்சி ஸ்டோரை மூடுகிறார். லிப்ஸ்டிக், நகப்பூச்சு, ஐலைனர், ஃபவுண்டேஷன் என்று 1,200 உருப்படிகள் அவரிடம் மிச்சம் இருக்கின்றன. எல்லாமே கம்பெனிகள் தயாரிப்பை நிறுத்திவிட்ட நிறங்கள், வகைகள். எம்ஆர்பி கணக்கில் மொத்தம் 4,80,000 ரூபாய். ரொக்கமாக 1,50,000 ரூபாய் கொடுத்தால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், பில் கிடையாது என்கிறார். கடைகளில் கிடைக்காத நிறங்களைச் சிலர் இன்ஸ்டாகிராமில் இரட்டை விலைக்கு விற்பதைப் பார்த்திருக்கிறேன். நகையை அடகு வைத்து வாங்கலாமா? சென்னை, கோவையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் அவர்கள் மூலம் மற்றவர்களுக்கும் அனுப்ப நினைக்கிறேன். ஜிஎஸ்டி பதிவு வேண்டுமா? சரக்குப் பட்டியலை இணைத்திருக்கிறேன். – செம்பூர் வாசகி

பதில்: ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே விலையையும் கெடு தேதியையும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். வியாபாரத்துக்கு வேண்டிய பொறுமை உங்களிடம் இருக்கிறது. ஆனால் இந்தச் சரக்கை இந்த விலைக்கு வாங்க வேண்டாம். நகையை அடகு வைத்து வாங்கவே வேண்டாம்.

முதலில் அந்த இரட்டை விலை விஷயம். கிடைக்காத நிறத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கும் ரசிகைகள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள், இங்கும் ஓரளவு இருக்கலாம். ஆனால் நம் நாட்டில் பொட்டலப் பொருளை அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் சில்லறை வியாபாரி விற்கக் கூடாது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் இதைத் தெளிவாகத் தடுக்கின்றன. 1,200 உருப்படிகளை வாங்கி விற்க இறங்கிய நிமிடமே நீங்கள் வியாபாரிதான். ஆகவே ஒரு பொருள் எவ்வளவு அரிதாக இருந்தாலும் 400 ரூபாய் என்று அச்சிட்ட லிப்ஸ்டிக்கில் உங்களுக்கு அதிகபட்சம் 400 ரூபாய்தான். பழைய விலை என்பதால் அந்த 400கூட இன்றைய புதுச் சரக்கின் விலையைவிடக் குறைவாக இருக்கலாம். மேல் விலைக்கு இப்படி ஒரு தடை இருக்கிறது. கீழே எவ்வளவு போகும் என்பதைக் கெடு தேதி முடிவு செய்கிறது. கடைக்காரர் உங்களுக்குக் காட்டியது எம்ஆர்பி என்ற அந்த மேல் விலையை மட்டும்.

உங்கள் பட்டியலை நான் மூன்றாகப் பிரித்தேன். 230 உருப்படிகளுக்குக் கெடு தேதி ஏற்கெனவே முடிந்துவிட்டது. 340 உருப்படிகளுக்கு இன்னும் நான்கு மாதத்துக்குள் முடிகிறது. மீதி 630க்கு ஒன்பது மாதமும் அதற்கு மேலும் இருக்கிறது.

அந்த 230இன் மதிப்பு பூஜ்யம். தேதி தாண்டிய ஒப்பனைப் பொருளை விற்பது சட்டப்படி குற்றம். கண்ணுக்கு அருகில் போடும் ஐலைனர், மஸ்காரா போன்றவற்றில் கிருமி வளர்ந்தால் வாங்கியவருக்குக் கண் நோய் வரும், புகார் உங்கள் பெயரில் வரும். தின்னர் தொட்டுத் தேதியை அழிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவரிடம் அதற்கு மேல் எந்த யோசனையும் கேட்காதீர்கள்.

340இல் பாதியைப் பாதி விலைக்கு விற்றுவிடலாம் என்று தாராளமாகவே வைப்போம். சராசரி எம்ஆர்பி 400 ரூபாய், ஆகவே 170 × 200 = 34,000 ரூபாய். நல்ல சரக்கான 630இல் நூற்றுக்கு 70 உருப்படிகள், அதாவது 441, எம்ஆர்பியில் 65 சதவீத விலைக்குப் போகும் என்று கொள்வோம். 441 × 260 = 1,14,660. இரண்டும் சேர்ந்து 1,48,660 ரூபாய். செலவு எதையும் கழிக்கும் முன்பே உங்கள் முதல் திரும்பவில்லை, கவனித்தீர்களா?

இனி செலவுக்கு வருவோம். ஓர் ஆர்டருக்கு இரண்டு பொருள், கூரியரும் அட்டைப்பெட்டியும் சேர்த்து 75 ரூபாய் என்றால் ஏறக்குறைய 305 ஆர்டருக்கு 22,900 ரூபாய். பணத்தைப் பொருள் கைக்கு வந்தபின் கொடுக்கும் முறையில் விற்றால் கதவைத் திறக்காமல் திருப்பி அனுப்புகிறவர்களின் கூலியும் உங்கள் தலையில்தான். நகப்பூச்சு எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் விமானப் பார்சலில் சாதாரணமாக ஏற்க மாட்டார்கள். தரைவழி கூரியரிடம் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஜிஎஸ்டியில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு வேண்டாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மகாராஷ்டிரத்துக்குள் பொருள் விற்கும்வரை அது சரி. 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகள் பெரிய விற்பனைத் தளங்களிலும் பதிவு இல்லாமல், ஒரு சேர்க்கை எண்ணை மட்டும் பெற்று விற்கலாம். ஆனால் சென்னைக்கோ கோவைக்கோ ஒரு லிப்ஸ்டிக் அனுப்பினாலும் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை. அதற்கு விற்பனை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பதிவு கட்டாயம். செம்பூரில் இருந்துகொண்டு சொந்த ஊரை நம்பிக் கடை போட நினைக்கும் யாருக்கும் இது இடிக்கும். பதிவு செய்தால் லிப்ஸ்டிக், நகப்பூச்சு போன்றவற்றுக்கு 18 சதவீதம் வரி. முகப் பவுடருக்கு மட்டும் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். எல்லாமே 18 என்று எளிமையாகக் கொண்டால், 1,48,660 ரூபாய்க்குள் அடங்கிய வரி ஏறக்குறைய 22,700 ரூபாய். பில் இல்லாமல் வாங்கியதால் அதில் ஒரு ரூபாயைக்கூட உள்ளீட்டு வரியாக, அதாவது சரக்கை வாங்கும்போதே கட்டிய வரியாக, கழிக்க முடியாது.

கூரியரையும் வரியையும் கழித்தால் கையில் நிற்பது சுமார் 1,03,000. நகைக் கடனுக்கு ஆண்டு வட்டி 10 சதவீதம் என்றாலும் எட்டு மாதத்தில் 10,000 ரூபாய் போகும். மீதி 93,000. போட்டது 1,50,000. எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து 57,000 ரூபாய் நட்டம் வாங்குகிறீர்கள். மும்பையின் மே மாதப் புழுக்கத்தில் வியர்த்து எண்ணெய் கசியும் லிப்ஸ்டிக்குகளை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. 1,200 டப்பாக்களை வீட்டில் எந்தக் கட்டிலுக்கு அடியில் வைப்பது என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் இந்த வாய்ப்பை விட்டுவிடுவதா? விலையை மாற்ற முடிந்தால் விட வேண்டாம். பேரத்தில் அவரைவிட உங்களுக்குத்தான் பலம் அதிகம். அவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால், பதிவை ரத்து செய்யும்போது மிச்சச் சரக்குக்கு முன்பு எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். தேதி தாண்டி அழிக்கும் சரக்குக்கும் அப்படியே. கடை வாடகை வேறு ஓடுகிறது. எனவே மாதங்கள் போகப் போக அவசரம் அவருக்குத்தான் கூடும்.

அந்த 630 உருப்படிகளை மட்டும், ஒன்றுக்கு 80 ரூபாய் வீதம், மொத்தம் 50,400 ரூபாய்க்கு, பில்லோடு கேளுங்கள். முன்பு போட்ட அதே கணக்கில் அவற்றிலிருந்து வரும் 1,14,660இல் வரி 17,500, கூரியர் 16,500 போக 80,000க்குச் சற்று மேல் நிற்கும். 30,000 ரூபாய் லாபம். பில்லில் வரும் உள்ளீட்டு வரியைக் கழித்தால் இன்னும் கொஞ்சம் கூடும். பெரிய தொகை இல்லை, ஆனால் உண்மையான தொகை. நகைக்கு வேலை இல்லை. சேமிப்பிலிருந்து போட முடியாவிட்டால் 100 உருப்படிகளை மட்டும் முதலில் எடுத்து விற்றுப் பாருங்கள்.

பேசப் போகும் முன் ஒருநாள் கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் போய், கெடு நெருங்கிய ஒப்பனைச் சரக்கை மொத்த வியாபாரிகள் என்ன விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்று விசாரியுங்கள். என் 80 ரூபாய்கூட அதிகம் என்று அங்கே தெரியவரலாம். தெரிந்தால் அதையே சொல்லிக் குறையுங்கள்.

எடுக்கும்போது ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். சீல் உடைந்தது, கடையில் மாதிரிக்கு வைத்திருந்தது வேண்டாம். உள்நாட்டுப் பொருளில் தயாரிப்பு உரிம எண்ணும் தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண் இருக்க வேண்டும். உங்கள் பட்டியலில் ‘ஃபாரின்’ என்று எழுதிய வரிசையில் இவை இல்லாவிட்டால் அந்த வரிசையை அப்படியே அடித்துவிடுங்கள்.

விற்பதற்கு இன்ஸ்டாகிராமை மட்டும் நம்ப வேண்டாம். மாட்டுங்கா, முலுண்ட் பக்கம் மணப்பெண் அலங்காரம் செய்யும் பெண்களுக்கு ஒரே நேரத்தில் பல நிறங்கள் தேவைப்படும். கூரியர் இல்லாமல் நேரில் 20, 30 லிப்ஸ்டிக்குகளைக் கொடுத்துவிட்டு வரலாம். தேதியை நீங்களாகவே முதலில் காட்டுங்கள். அவர்கள் ஒரு டப்பாவை மாதக்கணக்கில் பயன்படுத்துவார்கள்.

வருமான வரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. சம்பளம் வாங்குகிறவர் என்பதால் இந்த லாபம் தொழில் வருமானமாகச் சம்பளத்தோடு சேரும். முழுக் கணக்கு எழுதிக் காட்டுவதாக இருந்தால், ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த கொள்முதலைச் செலவாக ஏற்க மாட்டார்கள். ஆகவே கடைக்காரருக்கு வங்கி மூலமே பணம் அனுப்புங்கள். முழுக் கணக்கு எழுதாமல் விற்பனையில் ஒரு பங்கை லாபம் என்று கொள்ளும், சிறு வியாபாரிகளுக்கான அனுமான வரி முறையில், வங்கி அல்லது யுபிஐ வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் போதும், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம். உண்மை லாபம் அதைவிட அதிகமாக இருந்தால் அதையே காட்டுங்கள். விற்பனைப் பணம் சம்பளக் கணக்கில் கலக்காமல் இருக்க, முதல் உருப்படியை விற்கும் முன்பே தனியாக ஒரு வங்கிக் கணக்கைத் தொடங்கிவிடுங்கள்.